கேட்க மட்டும் முடிகிற பெட்டி

நான் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரில் சாமியாடுகிறவரிடம் போய், கையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டு, பதினெட்டு வயதில் ஊர் முன்னாடி அறை வாங்கியவன். பேய், பிசாசு, செய்வினை, ஜோசியம் எதுவும் என்னிடம் செல்லாது. இன்றைக்கும் செல்லாது என்றுதான் சொல்வேன், ஆனால் அப்படிச் சொல்லும்போது முன்பு இருந்த சத்தம் இப்போது குரலில் இல்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை. உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பித்திருப்பேன்.

ஈராக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொல்லிவிட்டு, முடியாமலேயே நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நான் குவைத்தில், ஃபர்வானியாவில், ஐந்து பேர் தங்கிய ஓர் அறையில் இருந்தேன். வேலை, ஒரு கடையில் வாக்கி டாக்கி ரிப்பேர். கட்டுமான சைட்டுகள், செக்யூரிட்டி கம்பெனிகள், லாரி கம்பெனிகள் என்று எல்லோருடைய செட்டும் எங்கள் மேஜைக்குத்தான் வரும். பகலெல்லாம் அதைத் திறந்து மூடிவிட்டு, ரூமுக்கு வந்து பொழுதுபோக்குக்கும் நான் ரேடியோவைத்தான் கட்டிக்கொண்டு அழுதேன். மற்றவன் சீட்டு விளையாடினான், படம் பார்த்தான். எனக்கு ஸ்கேனர்.

ஸ்கேனர் என்றால் ஆஸ்பத்திரியில் இருப்பது இல்லை. சுற்றுவட்டாரத்தில் யார் எந்த அலைவரிசையில் பேசினாலும் ஒவ்வொன்றாகத் தாவித் தாவிப் பிடித்துக் கொடுக்கிற கையடக்கப் பெட்டி. அது கேட்கும், அவ்வளவுதான். திருப்பிப் பேச அதில் வழி கிடையாது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவில் ஒரு பட்டாணியரிடம் வாங்கினேன். மொட்டை மாடியில் டிஷ்களுக்கு நடுவே ஒரு கம்பியை நட்டு வைத்து, கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற எகிப்துக்கார ஹாரிஸிடம், தமிழ் சேனல் தெரியவில்லை, அதற்காக என்று சொல்லிச் சமாளித்தேன்.

வடக்கே பாலைவனத்தில் அமெரிக்கப் பட்டாளத்தின் முகாம்கள் இருந்தன. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்பதில்தான் போதை. முக்கியமானதை எல்லாம் பூட்டித்தான் அனுப்புவார்கள். அதில் நமக்குக் கேட்பது காய்ந்த எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம் மட்டும்தான். ஆனால் பூட்டாமல் பேசுவதும் நிறைய உண்டு. கேட்டில் நிற்கிற காவல், தண்ணீர் லாரிக்கு வழி சொல்வது, விமானம் இறங்குவது, அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்கிறது என்று ஒப்பந்த லாரிகளுக்குச் சொல்வது. கிரீன் என்றால் போகலாம். ஆம்பர் என்றால் பார்த்துப் போ. ரெட் என்றால் கிட. நான் ஒரு நோட்டுப் போட்டு, மணி, அலைவரிசை, என்ன பேச்சு என்று வரிசையாக எழுதி வைப்பேன். பிடிபட்டால் உளவாளி என்று ஜெயில், அதற்கப்புறம் நாடு கடத்தல். எல்லாம் தெரியும். தெரிந்தும் விடவில்லை. கொழுப்பு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்தவன் காளிமுத்து. கமுதிப் பக்கத்துப் பையன், என்னைவிட ஆறு வயது இளையவன், டிரெய்லர் டிரைவர். ஊரில் மனைவியும் ஒரு கைக்குழந்தையும். குழந்தையை அவன் போட்டோவில்தான் பார்த்திருந்தான். அவன் கம்பெனி பட்டாளத்து முகாம்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்றியது. காகிதத்தில் அவன் குவைத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவன். இந்தியர்கள் ஈராக்குக்குப் போகக் கூடாது என்று நம் அரசாங்கம் தடை போட்டிருந்தது, பாஸ்போர்ட்டிலேயே முத்திரை உண்டு. ஆனால் சூப்பர்வைசர் வந்து, யல்லா, வண்டியை எடு என்றால் எடுத்தாக வேண்டும். முத்திரை இருக்கிறதே என்றால், பாஸ்போர்ட்டே கம்பெனி பெட்டியில்தான் இருக்கிறது என்பான். அப்படித்தான் ஓடினார்கள்.

எங்கள் கட்டடத்தில் அப்படி ஓட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நாளடைவில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. எல்லையில் வரிசையில் நிற்கும்போது எனக்கு ஒரு போன் போட்டு, ரோடு எப்படி என்று கேட்பார்கள். கம்பெனி எப்போதுமே கிரீன் என்றுதான் சொல்லும், செத்தவனிடம்கூடக் கிரீன் என்றுதான் சொல்லும். அதனால் என் வாய்ச்சொல்லுக்குத்தான் மதிப்பு. நான் வேண்டாம் என்றால் வயிற்று வலி, காய்ச்சல், பிரேக் சரியில்லை என்று எதையாவது சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். நானும் பெரிய தளபதி மாதிரி பனியனோடு கட்டிலில் படுத்துக்கொண்டு உத்தரவு கொடுப்பேன். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

காளிமுத்து என்னை ரொம்பவே நம்பினான். அந்தப் பெட்டியில் கேட்காத பேச்சே கிடையாது என்று அவனுக்கு எண்ணம். அவன் வண்டியில் கொடுத்திருக்கிற செட்டு ஐந்து வாட்டு, பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது, நீ எல்லையைத் தாண்டிவிட்டால் உன் குரல் இங்கே வராதுடா என்று படம் போட்டுக் காட்டினேன். தலையாட்டுவான். மறுநாள், "நான் பேசினது கேட்டுச்சாண்ணே?" என்பான். பதிலுக்கு நான் அவன் வண்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவதைக் கிண்டல் செய்வேன். "டயர்ல காத்து இருக்கான்னு பாருடா, எலுமிச்சம்பழத்துல சாறு இருக்கான்னு பாக்காத" என்று ரூமில் நாலு பேர் முன்னாடி சொல்லிச் சிரிப்பேன். அவனும் சிரிப்பான்.

அந்த வாரம் வியாழக்கிழமை அதிகாலையில் நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவன் டூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டான். அவனோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை லீவு. ரூமில் மற்றவர்கள் துணி துவைக்கவும் கறி வாங்கவும் போயிருந்தார்கள். நான் நோட்டும் பெட்டியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே புழுதி, வெயில். ரோடு கிரீன் என்று காலையிலேயே இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள், எழுதி வைத்துவிட்டேன்.

பதினொன்று பத்துக்கு, லாரிக்காரர்கள் பேசுகிற அலைவரிசையில் பெட்டி நின்றது. சுத்தமான தமிழ்க் குரல். "அண்ணே, கேக்குதாண்ணே? டயர் போயிருச்சுண்ணே. கடைசி வண்டி நாந்தான். முன்னாடி எல்லாரும் போயிட்டாங்க, ஒருத்தன் நிக்கல." அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். அதற்குப் பிறகு, கோபமே இல்லாமல், சும்மா நினைவுபடுத்துகிற மாதிரி, "போகலாம்னு நீங்கதானண்ணே சொன்னீங்க."

காளிமுத்துவின் குரல். ஒரு வருடம் தலைக்கு மேல் கேட்ட குரலை எனக்குத் தெரியாதா? ஆனால் நான் யார், டிப்ளமோ படித்தவன் ஆயிற்றே. உடனே மூளை வேலை செய்தது. கோடையில் வளைகுடாவில் அலை சில நாள் கடலைத் தாண்டிக்கூடக் குதித்து வரும், ஈரானியர்கள் பேசுவதே கேட்டிருக்கிறது, அதனால் தூரத்திலிருந்து குரல் வருவது ஒன்றும் அதிசயமில்லை. சரி, அது இவன்தானா? போகலாம் என்று நான் சொன்னதாகச் சொல்கிறது. நானோ இந்த டிரிப்புக்கு அவனிடம் எதுவுமே சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. ஆகவே இது காளிமுத்து இல்லை. வேறு எவனோ ஒரு தமிழன், வேறு எவனோ ஒரு அண்ணனைக் கூப்பிடுகிறான். கணக்குச் சரியாக வந்துவிட்டது, பார்த்தீர்களா?

நாற்பது விநாடி கேட்டிருப்பேன். அதற்குமேல் எவனோ ஒருவன் டயருக்காக உட்கார்ந்து என்ன செய்வது என்று, பெட்டியில் இருக்கிற பொத்தானை அழுத்தினேன். அது அடுத்த அலைவரிசைக்குத் தாவிவிட்டது. அங்கே ஒரு விமானம் இறங்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. அதை எழுதினேன்.

பன்னிரண்டே காலுக்குப் போன் அடித்தது. காளிமுத்து.

"அண்ணே, சாப்டாச்சா? பார்டர்ல நிக்கிறோம். இன்னும் அரைமணி நேரத்துல எடுத்துருவாங்க போல. ரோடு எப்படிண்ணே?"

அவன் குரலைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பார்த்தாயா, உயிரோடு, வண்டி கிளம்பவே இல்லாமல் நிற்கிறான், நீ ஒரு மடையன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"டயரெல்லாம் நல்லா இருக்காடா?" என்று மட்டும் கேட்டேன்.

"புது டயருண்ணே. ஆனா இன்னைக்கு என்னமோ மனசே சரியில்ல. கடைசி வண்டியாப் போட்டுட்டான். வயித்து வலின்னு சொல்லிட்டுப் படுத்துரலாமான்னு பாக்கேன். நீங்க சொல்லுங்கண்ணே. போகட்டுமா?"

கடைசி வண்டி என்ற வார்த்தை வந்ததும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் என்னவென்று சொல்வது? ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி உன் குரல் ரேடியோவில் கேட்டதுடா, போகாதே என்றா? எலுமிச்சம்பழத்தைக் கிண்டல் பண்ணிய வாயால் அதைச் சொல்ல முடியுமா? நாளைக்கு ரூமில் நாலு பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்களா? அவன் உயிரையும் என் மானத்தையும் தராசில் வைத்தேன், வைக்கிறேன் என்று தெரியாமலேயே வைத்தேன். மானம்தான் கனமாக இருந்தது.

"காலையில இருந்து கிரீன்தாண்டா. மனசு, வயிறுன்னுட்டு. போகலாம், போ."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டான்.

வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போகலாம் என்று நான் சொல்லவே இல்லை, அதனால் அது இவன் இல்லை என்று நினைத்தேனே. இதோ, இப்போது சொல்லிவிட்டேன். குரல் எதைச் சொன்னதோ அதையே, என் வாயால், நானே. திருப்பி அடித்தேன். மணி போயிற்று, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மூன்றாவது தடவையும் அதேதான். கம்பெனியில் வண்டி அனுப்புகிற டிஸ்பாட்சுக்கு அடித்து அந்த வண்டியை நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். நீ யார், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான், பெட்டி மாட்டும், நானும் மாட்டுவேன். அடிக்கவில்லை.

நண்பர்கள் கறியோடு வந்தார்கள். பிரியாணி செய்தோம். ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டேன். அதற்கப்புறம், நம்பினால் நம்புங்கள், தூங்கினேன். மூன்றரை மணி வாக்கில் பள்ளிவாசல் பாங்குச் சத்தத்தில்தான் எழுந்தேன். நடுவில் நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை, குறட்டை விட்டேன் என்று ரூமில் எல்லோரும் சொன்னார்கள். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காளிமுத்து திரும்பி வரவில்லை. மூன்று நாள் கழித்துக் கம்பெனிக்காரன் வந்து அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். வண்டியை யார்டில் விட்டுவிட்டு ஆள் ஓடிவிட்டான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஓடிப்போனவன், அவ்வளவுதான். எல்லையைத் தாண்டினான் என்று ஒத்துக்கொண்டால் தடையை மீறி அனுப்பியதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைவிட ஒரு மனிதனைத் திருடன் மாதிரி ஓடவிடுவது அவர்களுக்கு வசதி.

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் குல்கான் என்கிற பட்டாணிய டிரைவர் ரூமைத் தேடிக்கொண்டு வந்தார். அதே வரிசையில் கடைசிக்கு முந்தின வண்டி ஓட்டியவர். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, நீர்கூடக் குடிக்காமல், இந்தியில் சொன்னார். எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இரண்டு பத்துக்கு, காளிமுத்துவின் டயர் வெடித்தது. நின்ற வண்டிக்காக நிற்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். யாரும் நிற்கவில்லை. மறுநாள் திரும்பி வரும்போது வண்டி எரிந்து கிடந்தது, ஆள் இல்லை. இரண்டு பத்து. நான் கேட்டது பதினொன்று பத்து. மூன்று மணி நேரம் முன்னாடி.

"பாய், அவன் ரேடியோவில் பேசிக்கொண்டே இருந்தான்" என்றார் குல்கான். "எங்களோடு இந்தியில் பேசுகிறவன், டயர் வெடித்ததிலிருந்து முழுக்க உங்கள் பாஷையில் பேசினான். அந்த லைனில் உங்கள் பாஷை தெரிந்தவன் ஒருத்தனும் கிடையாது. யாரோடு பேசினான் என்று தெரியவில்லை."

எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துப் பேசியிருக்கிறான். படம் போட்டுக் காட்டியும் நம்பாத பயல்.

எவ்வளவு நேரம் பேசினான் என்று கேட்டேன். எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம் இருக்கும், தூரம் போகப் போகக் குரல் தேய்ந்துவிட்டது என்றார். அப்புறம் தாடியைத் தடவிக்கொண்டு, ஒன்று மட்டும் புரியவில்லை என்றார். முதலில் பயந்துபோய்ப் பேசினானாம். கொஞ்ச நேரத்தில் குரல் அடங்கிவிட்டதாம். இடையிடையே நிறுத்துவானாம், எதிரே ஒருவர் சொல்வதைக் கேட்கிற மாதிரி. அப்புறம் "சரிண்ணே, சரிண்ணே" என்பானாம். அண்ணே என்ற வார்த்தை அவருக்கும் தெரியும், எல்லா டிரைவர்களும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். "ஒரு தடவை சிரித்தான் பாய். அந்த நேரத்தில் எப்படிச் சிரிப்பு வரும்? எதிர்க்குரல் எங்கள் செட்டில் கேட்கவில்லை" என்றார்.

இரண்டு பத்துக்கு நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். என் பெட்டியிலோ பேச வழியே கிடையாது.

அன்றைக்கு மாலையே மொட்டை மாடிக் கம்பியைப் பிடுங்கினேன். நோட்டைக் கிழித்துக் கழிவறையில் போட்டேன். பெட்டியைச் சுத்தியலால் அடித்துக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். துக்கத்தில் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். பயத்தில் செய்தேன்.

காளிமுத்துவின் மச்சினன் ஒருவன் அபுதாபியில், முசஃபாவில் வெல்டராக இருந்தான். அவன் போன் செய்தான்.

"அண்ணே, மச்சான் கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்காரு. பார்டர்ல நிக்கேன்னு சொன்னாருல்ல? அத ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கண்ணே. ஓடிப்போனவன்னு அக்காவ ஊர்ல தல நிமிர விட மாட்டேங்கிறாங்க."

எனக்கு இரண்டு நாள் டைம் கொடு என்றேன். எங்கள் கடை மேனேஜர் திருநெல்வேலிக்காரர், அவரிடம் போய் யோசனை கேட்டேன். "வாயத் தொறந்தன்னு வையி, ஒனக்கு மட்டுமில்லடே, இந்தக் கடைக்கே கலாஸ். ஒரு டிரைவர் எதுக்கு ஒனக்குப் போன் பண்ணி ரோடு கேக்கான்னு கேப்பான்லா, என்ன சொல்லுவ?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நமக்குச் சாதகமாக இருக்கிற எதுவுமே நியாயமாகத்தான் படும். மச்சினனிடம், அவன் எங்கே நின்று பேசினான் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை தம்பி என்று சொன்னேன். அவன் ஒன்றும் திட்டவில்லை. சரிண்ணே என்று வைத்துவிட்டான். அந்த வீட்டில் எல்லோருமே சரிண்ணே என்றுதான் வைப்பார்கள் போலிருக்கிறது.

மறு வருடம் லீவில் வந்தபோது கமுதிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பாவத்தைக் கழுவவா என்றால், அப்படியெல்லாம் பெரிதாக இல்லை. குழந்தைக்கு ஒரு கவுனும் ஒரு டப்பா பால் பவுடரும் வாங்கிக்கொண்டேன், மனிதன் குற்றத்தை மறைக்க வாங்குகிற சாமான்கள் இவைதான். நடு மத்தியானம். ஓட்டு வீடு, வாசலில் வேப்ப மரம்கூடக் கிடையாது, வெயில் நேராக இறங்கியது. காளிமுத்துவின் மனைவி பஞ்சவர்ணம் என்னைப் பார்த்ததில்லை. சேகர் என்று பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வருவீங்கன்னு தெரியும்ணே" என்றாள். "அன்னைக்கு நீங்க போன் பண்ணலேன்னா நான் மருந்தக் குடிச்சிருப்பேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் போன் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

"அந்த வெள்ளிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். எதுத்த வீட்டுப் போனுக்குத்தான் அவரு பேசுவாரு. அவருதான்னு ஓடுனா, நீங்க. குவைத்துல இருந்து சேகர் பேசுறேம்மான்னீங்க. காளிமுத்து தனியா இல்லம்மா, கடைசி வரைக்கும் நான் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன், அவன் பயப்படலன்னீங்க. அப்புறம் அவரு எங்கிட்டச் சொல்லச் சொன்னத எல்லாம் ஒண்ணுவிடாமச் சொன்னீங்க. புருசன் பொண்டாட்டிக்குள்ள உள்ளதக்கூடச் சொன்னீங்க. அதனாலதான் கம்பெனிக்காரன் ஓடிட்டான்னு எழுதுனப்ப நான் ஒரு நிமிசங்கூட நம்பல."

நம் ஊரில் மாலை ஐந்து என்றால் குவைத்தில் இரண்டரை. எதிர்வீட்டு நம்பர் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. என் போனில் இருந்து அப்படி ஒரு அழைப்புப் போகவே இல்லை, பிறகு போன் கம்பெனியில் பட்டியல் வாங்கிப் பார்த்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மாளும் வந்து நின்று, "இதே குரல்தாந்தம்பி, நாந்தான மொதல்ல எடுத்தேன்" என்றாள்.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? அது நான் இல்லை அம்மா, அந்த நேரம் நான் பிரியாணி தின்றுவிட்டுத் தூங்கினேன் என்று சொல்லியிருப்பீர்களா? நான் சொல்லவில்லை. காளிமுத்து என்ன சொல்லியனுப்பினான் என்று கேட்க ஆசை உயிரை அரித்தது. கேட்க முடியுமா? சொன்னவனே நான்தானே. நாற்காலியில் உட்கார்ந்து, செய்யாத நல்லதுக்கு அவள் கொடுத்த டீயைக் குடித்தேன்.

டம்ளரைக் கீழே வைத்ததும் அவள் உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். "ஓடிட்டான்னு சொல்லுவாங்கம்மா, ஊருக்கு வரும்போது கையோட எழுதித் தர்றேன்னு அன்னைக்கே சொன்னீங்கள்ல" என்றாள். "ஓடிப்போகல, டூட்டியிலதான் போனாருன்னு ஒரு வரி போதும்ணே. புள்ள பெருசாகி, அப்பன் என்ன ஆனான்னு கேக்கும்ல."

எனக்கு விசா இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது. அங்கே போய் எழுதி, முத்திரை எல்லாம் வைத்து அனுப்புகிறேன் அம்மா, இங்கே எழுதினால் செல்லாது என்றேன். அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். "சரிண்ணே" என்றாள்.

அனுப்பவில்லை. அப்புறம் விசா புதுப்பித்தேன், மறுபடி புதுப்பித்தேன். எல்லாம் முடிந்து ஊரோடு வந்து, அறந்தாங்கியில் செல்போன் கடை வைத்து வருடங்கள் ஆகிவிட்டன. இனி என்னை எவனும் நாடு கடத்த முடியாது, இருக்கிறதே சொந்த நாடு. அந்த ஒரு வரியை ஒரு பக்கமாகவே எழுதி, கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். வெட்கத்தில் திரும்பினேன் என்று நினைக்காதீர்கள். வெட்கம் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். அவன் நடுரோட்டில் தனியாக நின்றபோது நான் பேசியிருக்க வேண்டும், வேறு யாரோ பேசியிருக்கிறார்கள். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும், யாரோ என் பெயரில், என் குரலில் சொல்லியிருக்கிறார்கள். நான் செய்யாமல் விட்டதை எல்லாம் ஒருவன் எனக்கு முன்னால் போய்ச் செய்துகொண்டே இருக்கிறான், என்னைவிட நல்லவனாக. இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் நான் அந்த வீட்டு வாசலில் நிற்கும்போது, பஞ்சவர்ணம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதத்தான் அப்பவே நீங்க கொண்டாந்து கொடுத்துட்டீங்களேண்ணே, மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டால், அப்புறம் நான் யார்?